மண்ணில் மருந்து கண்ட வாக்ஸ்மன்

சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ‘சானடோரியம்’ என்று ஒரு நிலையம் வரும். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது நம்மில் பலர் அதைக் கடந்து போகிறோம். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்ததில்லை. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பவர் க்ஷயரோகிகளுக்காக அங்கே ஓர் ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல உணவு, படுக்கையில் ஓய்வு ஆகிய மூன்றும்தான் அக்காலத்துச் சிகிச்சை. மருந்து என்று சொல்லத் தக்கது ஒன்றும் இல்லை. எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் இட்ட பெயரே, அது மனிதனை என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

மன்றத்தின் மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வரலாறு எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, ராபர்ட் காக்கைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். க்ஷயக் கிருமியை 1882-ல் கண்டு காட்டியவர் அவர். ஆனால் இடையில் எங்கள் விடுதியில் ஒரு சம்பவம் நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து எனக்கு இரண்டு அறை தள்ளித் தங்கியிருக்கும் தம்பி ஒருவனுக்கு இருமல் நிற்காமல் இருந்தது. பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது, பசி எடுத்தது, பந்தும் ஆடத் தொடங்கினான். இனி எதற்கு மாத்திரை, வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிடப் பார்த்தான். எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அன்று இரவு அவனுக்கு நான் சொல்லத் தொடங்கிய கதைதான் இந்தக் கட்டுரை. அது காக்கின் கதை அன்று. செல்மன் வாக்ஸ்மனின் கதை.

இன்றைய உக்ரைன் நாட்டில், வின்னிட்சா நகரை அடுத்து, நோவா பிரிலூக்கா என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1888-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் வாக்ஸ்மன் பிறந்தார். அப்போது அது ருஷ்யப் பேரரசின் பகுதி. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் மண், கோதுமை வயல்கள். நம் கோவில்பட்டிக் கரிசலை அறிந்தவர்கள் அந்த நிலத்தை ஒருவாறு மனத்தில் வரைந்துகொள்ளலாம். தாயார் ஒரு சிறு துணிக்கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். சிறுவனாக இருந்தபோதே வாக்ஸ்மனின் தங்கை தொண்டை அடைப்பான் நோயால் மாண்டாள். கிருமியின் கொடுமையை அவர் முதன்முதலில் கண்டது ஆய்வுக் கூடத்தில் அன்று, சொந்த வீட்டில்.

ஜார் ஆட்சியில் யூதப் பிள்ளைகள் மேற்படிப்புப் படிப்பது எளிதன்று. கல்லூரிக் கதவுகள் அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன. வாக்ஸ்மன் தனியாகப் படித்து, வெளி மாணவராகத் தேர்வு எழுதி, ஒடெஸ்ஸாவில் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். 1909-ல் தாயார் இறந்தார். ஊரில் அவரைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் மெட்டுச்சன் என்ற ஊரில் அவருடைய உறவினர் ஒருவருக்குச் சிறு பண்ணை இருந்தது. அங்கே தங்கி, கோழிகளையும் காய்கறிப் பாத்திகளையும் பார்த்துக்கொண்டார். பக்கத்திலேயே ரட்கர்ஸ் கல்லூரி. அதன் விவசாயப் பகுதியில் ஜேக்கப் லிப்மன் என்ற மண்ணியல் அறிஞர் இருந்தார். அவரும் ருஷ்யாவிலிருந்து குடியேறிய யூதரே. மருத்துவம் படிக்கலாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்த இளைஞரை மண் பக்கம் திருப்பியவர் அவர்தான். 1915-ல் பட்டம், அடுத்த ஆண்டு முதுநிலைப் பட்டம், 1918-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். பிறகு ரட்கர்ஸுக்கே திரும்பி வந்தார். ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் எவருக்கும் கவர்ச்சியாகத் தோன்றாதது. நிலத்தில் குழி வெட்டி, வெவ்வேறு ஆழத்தில் மண்ணை எடுத்து, அதில் எந்தெந்த நுண்ணுயிர்கள் எத்தனை உள்ளன என்று எண்ணுவது! அவற்றில் ஆக்டினோமைசீட்டுகள் என்னும் இனம் அவர் மனத்தைக் கவர்ந்தது. பாக்டீரியாவைப்போல் மிக நுண்ணியவை; ஆனால் பூஞ்சணத்தைப்போல் இழை இழையாக வளர்பவை. கோடை மழையின் முதல் தூறலில் எழும் மண்வாசனை நமக்கெல்லாம் தெரியும். அந்த வாசனைக்குப் பெரிய காரணம் இந்த உயிர்களே. அதற்குரிய இரசாயனப் பொருளைப் பிரித்தெடுத்து, 1965-ல் ஜியோஸ்மின் என்று பெயரிட்டவர்களும் வாக்ஸ்மன் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள்தாம்.

1916-ல், தமக்கு 28 வயது நடந்துகொண்டிருந்த காலத்தில், கர்ட்டிஸ் என்ற துணைவருடன் சேர்ந்து பல ஆக்டினோமைசீட்டுகளை அவர் விவரித்து எழுதினார். அவற்றுள் சாம்பல் நிறம் கொண்ட ஒன்றுக்கு ‘கிரிசியஸ்’ என்று பெயர். பின்னாளில் உலகத்தையே அசைக்கப்போகும் பொருள் அந்த இனத்திலிருந்து வரும் என்று அன்று யார் கண்டார்கள்? 27 ஆண்டுகள் அது ஏட்டில் ஒரு பெயராகவே கிடந்தது. வாக்ஸ்மன் 1927-ல் மண் நுண்ணுயிரியல் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அந்தத் துறையின் மூலநூல் என்று அதைக் கொண்டாடினார்கள். ஆயினும் அவர் பெயர் விவசாயக் கல்லூரிகளுக்கு வெளியே பரவவில்லை.

திருப்பம் அவருடைய பழைய மாணவர் ஒருவர் மூலம் வந்தது. ரெனே டூபோ என்ற பிரெஞ்சுக்காரர் வாக்ஸ்மனிடம் படித்து, பிறகு நியூயார்க்கில் ராக்பெல்லர் நிலையத்தில் சேர்ந்தார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, நிமோனியா முதலிய நோய்க் கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரக்கிறது என்று 1939-ல் அவர் காட்டினார். அதே ஆண்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. வாக்ஸ்மன் தம் ஆய்வுக் கூடத்தின் போக்கையே மாற்றினார். மண்ணில் உயிர்கள் ஒன்றையொன்று எப்படி உண்டு வாழ்கின்றன என்று பார்த்தவர், ஒன்றையொன்று எப்படிக் கொல்கின்றன என்று பார்க்கத் தொடங்கினார். மெர்க் என்னும் மருந்துக் கம்பெனி பொருளுதவி செய்தது.

தேடும் முறை மிக எளியது; ஆனால் பொறுமையைச் சோதிப்பது. ஆயிரக்கணக்கான மண் மாதிரிகள். ஒவ்வொன்றிலிருந்தும் பல உயிர்கள். அவற்றைத் தட்டில் வளர்த்து, பக்கத்தில் நோய்க் கிருமியைக் கோடு போட்டு வைப்பது. கோட்டில் எங்கேனும் வெற்றிடம் தோன்றுகிறதா என்று காத்திருப்பது. 1940-ல் ஆக்டினோமைசின் கிடைத்தது. கிருமியையும் கொன்றது, சோதனைப் பிராணியையும் கொன்றது. 1942-ல் ஸ்ட்ரெப்டோத்ரைசின் கிடைத்தது. முதலில் நல்லதாகத் தோன்றி, சில நாட்கள் கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இவ்வகைப் பொருள்களுக்கு ‘ஆன்டிபயாட்டிக்’ என்ற சொல்லை இன்று நாம் வழங்கும் பொருளில் நிலைநாட்டியவரும் வாக்ஸ்மன்தான். போர்க்காலச் சிக்கனத்தில், கல்லூரிக் கணக்கர் ஒருவர், மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் இந்தப் பேராசிரியரை வேலையிலிருந்து நீக்கினால் சம்பளம் மிச்சமாகும் என்று யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை!

இங்கே இந்த வரலாற்றில் இரண்டாவது மனிதர் நுழைகிறார். ஆல்பர்ட் ஷாட்ஸ். கனெக்டிகட்டில் ஏழை விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். ரட்கர்ஸில் மண்ணியல் படித்தார். போரில் சேர்ந்து ராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். முதுகுக் கோளாறினால் விடுவிக்கப்பட்டு, 1943 நடுவில் திரும்பி வந்து வாக்ஸ்மனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். வயது 23. மாத உதவித்தொகை 40 டாலர். பென்சிலினுக்கு அடங்காத கிருமிகளைக் கொல்லும் பொருளைத் தேடுவதோடு, க்ஷயக் கிருமிமேலும் சோதித்துப் பார்க்க அவர் முன்வந்தார். அந்தக் கிருமியோடு பழகுவது ஆபத்து. ஆகவே அவருக்குக் கட்டடத்தின் நிலவறையில் தனி அறை ஒதுக்கினார்கள். பல இரவுகள் அங்கேயே படுத்து உறங்கினார். வாக்ஸ்மன் அந்த நிலவறைக்கு ஒரு தடவைகூட இறங்கி வந்ததில்லை என்று பின்னாளில் ஷாட்ஸ் சொன்னார்.

1943 அக்டோபர் 19-ஆம் நாளைத்தான் ஷாட்ஸ் தம் கண்டுபிடிப்பின் நாளாகக் குறிப்பது வழக்கம். சாம்பற் பச்சை நிறமுள்ள இரு வளர்ப்புகள் அவரிடம் இருந்தன. ஒன்று எரு இட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. கோழித் தொண்டை வளர்ப்பை அவருக்குக் கொடுத்தவர் டோரிஸ் ஜோன்ஸ் என்ற சக மாணவி. இரண்டும் ஒரே இனம். 1916-ல் வாக்ஸ்மன் விவரித்த அந்தக் கிரிசியஸ் இனம். அவை சுரந்த பொருளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயரிட்டார்கள். 1944 ஜனவரியில் முதற்கட்டுரை வெளிவந்தது. ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன் என மூவர் பெயர் அதில் இருந்தன.

தட்டில் கொல்வது வேறு, உடலில் கொல்வது வேறு. மினசோட்டா மாநிலத்தில் மேயோ மருத்துவ நிலையத்தில் வில்லியம் ஃபெல்ட்மன், கார்வின் ஹின்ஷா என்ற இருவர் க்ஷயத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். 1944 ஏப்ரலில் அவர்களுக்குக் கிடைத்த மருந்து 10 கிராம். அதைக்கொண்டு நான்கே நான்கு கினிப் பன்றிகளுக்குத்தான் சிகிச்சை செய்ய முடிந்தது. அந்த நான்கும் தேறின. அதே ஆண்டு நவம்பரில் முதல் நோயாளிக்கு ஊசி போடப்பட்டது, அவர் இளம்பெண், நோய் முற்றிய நிலையில் இருந்தவர். அவர் பிழைத்து, மணம் செய்து, பிள்ளைகளும் பெற்றார்.

உலகம் ஆரவாரித்தது. வாக்ஸ்மன் போன இடமெல்லாம் கூட்டம். ஆனால் மருந்து இன்னும் அரிய பொருளாகவே இருந்தது. போரில் களைத்த இங்கிலாந்திடம் டாலர் இல்லை. சிறிதளவே வாங்க முடிந்தது. எல்லாருக்கும் கொடுக்க இயலாது என்றால், யாருக்குக் கொடுப்பது? பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர், சீட்டுக் குலுக்குவதைப்போலத் தற்செயல் முறையில் பிரிக்கச் செய்தார். 107 நோயாளிகள், 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948 அக்டோபரில் இந்த முடிவு வெளியாயிற்று. மருத்துவ ஆராய்ச்சியில் இன்றுவரை இதைத்தான் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள்.

நம் புதுமைப்பித்தன் க்ஷயத்தால் மாண்டதும் அதே 1948-ல்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. உலகத்தின் ஒரு மூலையில் மருந்து இருந்தது. இன்னொரு மூலையில் அவர் இருமிக்கொண்டிருந்தார். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலுக்கு அவ்வாண்டு அமெரிக்காவிலிருந்து மருந்து வரவழைத்தார்கள். அவர் உடல் அதை ஏற்கவில்லை; தோல் வெடித்து, வாய் புண்ணாகி, மருந்தை நிறுத்தும்படி ஆயிற்று. 1950 ஜனவரியில் அவரும் போனார்.

இப்போதுதான் நான் தம்பிக்குச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த 107 பேரை ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்ப எண்ணினார்கள். மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 52 பேரில் 35 பேர். முதல் ஆறு மாதத்தில் மலையளவு இருந்த வித்தியாசம் மடுவளவு ஆகிவிட்டது! மருந்து என்ன ஆயிற்று? மருந்து அப்படியேதான் இருந்தது. கிருமிதான் வேறாகிவிட்டது. முதல் சில வாரங்களில் காய்ச்சல் இறங்கும், எடை கூடும், நோயாளி எழுந்து நடப்பார். பிறகு நோய் திரும்பும். அப்போது எடுத்துச் சோதித்த கிருமிகள், ஸ்ட்ரெப்டோமைசினிலேயே முக்கி வைத்தாலும் சாகாமல் வளர்ந்தன.

கிருமி மருந்தைப் பழகிக்கொள்கிறது என்று நாம் பேச்சில் சொல்கிறோம். அது சரியன்று. நுரையீரலில் குழிவிழுந்த ஒரு நோயாளியிடம் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் தற்செயலாக மரபு சற்றே மாறிய ஒன்றிரண்டு, மருந்தைக் கண்ணாற் காணும் முன்பே, அதற்கு அடங்காதவையாகப் பிறந்திருக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் கிருமியின் உடலில் புரதம் செய்யும் இடத்தைப் போய்ப் பிடிக்கிறது; அந்த இடத்தின் அமைப்பு ஓர் இம்மியளவு மாறியிருந்தால் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, அந்த ஒன்றிரண்டுக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்துவிடுகிறது. அவை பெருகி வீட்டை நிறைக்கின்றன. வாக்ஸ்மனும் இதை அறியாதவர் அல்லர். ரெய்லி, ஷாட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத பாக்டீரியா தோன்றுவதைப் பற்றி 1945-லேயே எழுதியிருக்கிறார்.

இதற்கு அவர் கண்ட வழி, மண்ணுக்கே மீண்டும் போவது. லெஷவாலியர் என்ற மாணவருடன் சேர்ந்து 1949-ல் நியோமைசினைக் கண்டார். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத க்ஷயக் கிருமியையும் அது கொல்லும் என்பதே அப்போதைய பெரும் நம்பிக்கை. ஆனால் ஊசியாகப் போட்டால் காதையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. இன்று அது பெரும்பாலும் புண்ணுக்குத் தடவும் களிம்பில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினும் காதுக்குத் தீங்கு செய்வதுதான். உயிர் பிழைத்துச் செவி இழந்தவர்கள் உண்டு.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டில் ஜோர்கன் லேமன் என்பவர், ஆஸ்பிரினுக்கு உறவான பாஸ் என்ற மருந்தை 1940-களின் நடுவில் கண்டிருந்தார். தனியே அது பலம் குறைந்தது. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்தபோது, அடங்காத கிருமிகள் தலையெடுப்பது வெகுவாகக் குறைந்தது. கதவுக்கு ஒரே பூட்டு இருந்தால், அதைத் திறக்கத் தெரிந்த திருடன் கோடியில் ஒருவன் இருந்தாலும் வந்துவிடுவான். இரண்டு வேறு பூட்டுகளையும் திறக்கத் தெரிந்தவன் கோடி கோடியில் ஒருவன்தானே? 1952-ல் ஐசோநயாசிட் வந்தது. அந்தப் பொருளை 1912-லேயே பிராக் நகரில் செய்து, பயன் தெரியாமல் விட்டுவைத்திருந்தார்கள் என்பது வேடிக்கை. மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும், நோயாளி தேறிய பின்னும் நெடுங்காலம் கொடுப்பதும் அன்று தொடங்கி நிலைபெற்றன.

அந்த நெடுங்காலம் என்பதை ஏழை நாட்டில் எப்படிச் செய்வது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னது சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் தலைமை தாங்கினார். 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றப் பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெருக்கமான குடிசையில், அரை வயிற்று உணவோடு, உழைத்துக்கொண்டே மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் இருந்ததனால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இது வெளியானபின், உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடலாயின. அதே சென்னை நிலையத்தில், வாக்ஸ்மனின் மருந்தை ஐசோநயாசிடுடன் வாரம் இரு முறை ஊழியர் கண் முன்பாகவே கொடுத்தால் போதும் என்று காட்டியதும் 1964-ல் வெளிவந்தது. இன்று உலகம் முழுதும் வழங்கும் நேர்முக மேற்பார்வைச் சிகிச்சைக்கு அது ஒரு வித்து. இவ்வளவும் நம் ஊரில் நடந்தது என்பதை நானே இங்கு வந்த பிறகுதான் ஓர் ஆங்கில நூலில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மருந்தின் கதை இப்படிச் செல்ல, மனிதர்களின் கதை வேறு விதமாகச் சென்றது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கான காப்புரிமை விண்ணப்பத்தில் வாக்ஸ்மன், ஷாட்ஸ் இருவரும் கையெழுத்திட்டார்கள். உரிமையை ரட்கர்ஸ் அறநிதிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரே கம்பெனியிடம் மருந்து முடங்கக் கூடாது என்று மெர்க்கை இசையச் செய்து, பல கம்பெனிகளும் செய்ய வழி திறந்தவர் வாக்ஸ்மன்; அது பெரிய செயல். ஆனால் அறநிதிக்கு வந்த பங்குத்தொகையில் ஐந்தில் ஒரு பாகம் தமக்கு வருமாறு அவர் செய்துகொண்ட ஏற்பாட்டை ஷாட்ஸிடம் சொல்லவில்லை. 1950 மார்ச்சில் ஷாட்ஸ் வழக்குத் தொடுத்தார். வாக்ஸ்மனுக்குச் சுமார் 350,000 டாலர் வந்திருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. அவ்வாண்டு முடிவில் சமரசம் ஆயிற்று. ஷாட்ஸ் சட்டப்படி இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டார். பங்குத்தொகையில் அவருக்கு 3 சதவீதம், வாக்ஸ்மனுக்கு 10, ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய மற்றவர்களுக்கு 7. கண்ணாடிப் பாத்திரம் கழுவியவருக்கும் அதில் பங்கு கிடைத்தது.

வழக்கில் வென்ற ஷாட்ஸ் வாழ்க்கையில் தோற்றார் எனலாம். ஆசிரியர்மேல் வழக்குப் போட்ட மாணவனை எந்த ஆய்வுக் கூடம் சேர்த்துக்கொள்ளும்? 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. ஷாட்ஸ் முறையிட்டார், பயனில்லை. உயிருள்ள உடலில் மருந்தின் ஆற்றலை மெய்ப்பித்த ஃபெல்ட்மனுக்கும் ஹின்ஷாவுக்கும் அதில் இடமில்லை. வாக்ஸ்மன் பின்னர் எழுதிய தன்வரலாற்றில் ஷாட்ஸின் பெயரையே எழுதாமல், அந்த மாணவன் என்ற அளவில் குறிப்பிட்டுவிட்டுப் போகிறார். இந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பணத்தைப் பற்றியாவது அவர் பக்கம் சொல்ல ஏதேனும் இருக்கலாம்.

ஆயினும் ஷாட்ஸே எல்லாம், வாக்ஸ்மன் வெறும் பெயர்ப்பலகை என்று இப்போது சிலர் எழுதுவதையும் நான் ஒப்பவில்லை. எந்த மண்ணில் எந்த உயிரைத் தேடுவது, எப்படித் தேடுவது என்று கால் நூற்றாண்டு உழைத்து வழி அமைத்தவர் ஆசிரியர். அந்த வழியில் கடைசி அடியை, உயிரைப் பணயம் வைத்து, நிலவறையில் தனியாக எடுத்து வைத்தவர் மாணவர். ஆராய்ச்சி மாணவனாகிய என் நோக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கூடும். ஆனால் எலிசபெத் பூகியைப் பற்றி இரு பக்கத்தாரும் அதிகம் பேசுவதில்லை என்பதையும் பார்க்கிறேன். முதற்கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. காப்புரிமையில் அவர் பெயர் இல்லை.

வாக்ஸ்மன் தமக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியை அறத்துக்கே திருப்பினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. தம் பங்கில் பாதியைக் கொண்டு நுண்ணுயிரியல் வளர்ச்சிக்கு ஓர் அறநிலை வைத்தார். ஜப்பானில் கிடைத்த பங்குத்தொகையை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கே விட்டுக்கொடுத்தார். ரட்கர்ஸில் மருந்துப் பணத்தால் எழுந்த நுண்ணுயிரியல் நிலையம் 1954-ல் திறக்கப்பட்டது. 1958 வரை அவர் அதன் தலைவராக இருந்தார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1973 ஆகஸ்டு 16-ஆம் நாள், 85-ஆம் வயதில் காலமானார். வுட்ஸ் ஹோல் என்னும் கடற்கரை ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய கிரிசியஸ் இனத்தை நியூ ஜெர்சி அரசு 2019-ல் மாநில நுண்ணுயிராகவே அறிவித்துவிட்டது. மாநிலப் பறவை, மாநில மலர் என்பதுபோல!

இன்று நம் நாட்டில் புதிதாகக் காசநோய் கண்டவருக்குக் கொடுப்பவை ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் ஆகிய நான்கு. நான்காகத் தொடங்கி ஆறு மாதம் தொடர்வது, அந்த 55 பேரிடம் கற்ற பாடத்தினால்தான். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வழக்கொழிந்துபோயிற்று. ஐசோநயாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத கிருமிகள் இப்போது உலவுகின்றன. அவற்றுக்கெதிராக 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுலின் போன்ற புதிய மருந்துகளைக் கொடுக்கிறார்கள். உலகத்தில் காசநோய் காண்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர்.

தம்பி அன்று இரவு கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். மறுநாள் காலை உணவுக் கூடத்தில் எதிரே வந்து உட்கார்ந்து, தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையை வைத்து, நான் பார்க்க விழுங்கினான். ஆறு மாதம் முடியும் வரை அப்படியே நடந்தது. இடையில் நான் ஒரு வாரம் ஊருக்குப் போனபோது, சமையற்காரரைப் பார்க்கச் சொல்லி விழுங்கியிருக்கிறான்.

ஷாட்ஸுக்கு 1994-ல், அவருடைய 74-ஆம் வயதில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தன் பதக்கத்தை அளித்தது. 2005 ஜனவரியில் அவர் இறந்தார். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் முன் நூலகத்தில் அந்த 1944-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிரதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தலைப்பின் கீழே ஷாட்ஸ் முதலில், பூகி இரண்டாவது, வாக்ஸ்மன் கடைசியில். பெயர்கள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.